நல்ல வருஷத்தை நம்பி வாங்கிய வலை

"கேரளாக்காரன் குஞ்சுகூட விடாமல் அரித்துவிட்டான். அதனால்தான் சாளை இல்லை." கேரளத்தின் 2021ஆம் ஆண்டு மீன்வரத்துக் கணக்கு செய்திகளில் வந்த சமயத்தில், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா போட்ட வரி இது. அந்த ஆண்டு கேரளக் கரையில் ஏறிய சாளை (மத்தி என்றும் சொல்வார்கள்) வெறும் 3,297 டன். 2012இல் அதே கரையில் ஏறியது ஏறத்தாழ 3.9 லட்சம் டன். நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. இப்படி ஒரு சரிவைக் கண்டால் யாரோ கொள்ளையடித்துவிட்டார்கள் என்றுதான் மனம் முதலில் நினைக்கும். சித்தப்பாவுக்கு அந்தக் கொள்ளைக்காரன் கேரளாக்காரன். குழுவில் இருந்த அத்தை மகனுக்கு, மீனை அரைத்துத் தீவனமாக்கும் கோழித்தீவன ஆலை முதலாளி. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் புவி வெப்பமாதல். ஆளுக்கொரு பதிலைச் சொல்லிவிட்டு எல்லாரும் அடுத்த காலை வணக்கத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் அது தொண்டையில் சிக்கிய சாளை முள் மாதிரி இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. மூன்று பதில்களிலும் உண்மை இருந்தது. ஆனாலும் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்றே பட்டது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் உள்பகுதியில் பிறந்தவர்களுக்குக் கடல் என்பது பஸ் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய ஒன்று. எங்களிடம் கடல் வந்ததெல்லாம் பனையோலைக் கடவத்தில்தான். குளச்சல் பக்கத்திலிருந்து வரும் அக்கா முற்றத்தில் கடவத்தை இறக்கி, மேலே மூடியிருக்கும் இலையை விலக்குவார். நெய்மீனும் பாரையும் வாங்குகிற வீடுகளுக்கு முன்னால் அவர் குரல் தாழ்ந்து மரியாதையாக இருக்கும். சாளை வாங்குகிற எங்கள் வீட்டில் உரிமையோடு சத்தம் போடுவார், தண்ணீர் வாங்கிக் குடிப்பார், அம்மாவோடு அரைமணி நேரம் ஊர்க்கதை பேசுவார். மரச்சீனிக் கிழங்கும் சாளைப் புளிமுளமும் இருந்தால் அன்றைக்குச் சோறு வடிக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வரும் சாளையைச் சட்டியில் போட்டால் அதன் நெய்யே பொரிப்பதற்குப் போதுமானதாக இருக்கும். மழை மாதங்களின் தொடக்கத்தில் வருவது அப்படியில்லை. மெலிந்து, வெறும் முள்ளாக இருக்கும். அம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தே இது எந்த மாதத்துச் சாளை என்று சொல்லிவிடுவார்.

சாளைப் பஞ்சம் வந்த வருஷங்களில் அந்த அக்கா ஒருநாள் ஓமான் சாளையோடு வந்தார். உறைய வைத்துக் கப்பலில் வந்து, கேரளச் சந்தைகளைக் கடந்து எங்கள் பக்கம் இறங்கிய மீன். பெரிய உடல், வெளுத்த கண். விலையும் அதிகம். "வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு மக்களே, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்" என்றார் அம்மாவிடம். இத்தனை ஆண்டுகளில் அவர் தன் மீனைத் தானே தாழ்த்திப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். சாளை இல்லாவிட்டால் வேறு மீனை விற்கலாமே என்று கேட்டேன். கேட்கத் தகாத கேள்வி என்பதுபோல் பார்த்தார். நெய்மீன் எடுக்கக் கையில் பெரிய முதல் வேண்டும். இல்லாதவர் காலையில் வட்டிக்கு வாங்கி மாலையில் கட்ட வேண்டும். ஒரு துண்டு மீந்தாலும் அன்றைய உழைப்பு வட்டிக்காரருக்குப் போய்விடும். சாளைக்குச் சின்ன முதல் போதும். மீந்தால் உப்பிட்டுக் காயப் போடலாம். 'ஏழைகளின் மீன்' என்று சாளையை எல்லாரும் சொல்வது தின்கிறவரை நினைத்து. விற்கிறவருக்கும் அந்தப் பெயர் பொருந்தும் என்பதை அக்காவிடம்தான் தெரிந்துகொண்டேன்.

சேமிப்பு இல்லாத உயிர்

சாளையைப் பற்றி நாம் பேசும்போது ருசியைச் சொல்கிறோம், ஒமேகா கொழுப்பைச் சொல்கிறோம், விலையைச் சொல்கிறோம். அதன் ஆயுளை யாரும் சொல்வதில்லை. கிழக்கே மத்தி என்றும் பேச்சாளை என்றும் பெயர் பெற்ற இந்த மீன் இரண்டரை ஆண்டுக்குமேல் வாழ்வது அரிது. பிறந்த ஓராண்டுக்குள் பருவத்துக்கு வந்துவிடும். களவா போன்ற மீன்கள் பல ஆண்டுகள் வாழ்கின்றன. ஓரிரு மோசமான பருவங்களில் குஞ்சுகள் பிழைக்காமல் போனாலும் கடலில் மூத்த தலைமுறை மிச்சம் இருக்கும். சாளையில் அந்த மிச்சம் கிடையாது. இந்த ஆண்டு வலையில் விழுவது பெரும்பாலும் இந்த ஆண்டோ சென்ற ஆண்டோ பிறந்ததுதான். ஆகவே ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த வருஷக் கரையிலேயே அது தெரிந்துவிடும். ஒரு பருவம் வாய்த்தாலும் அப்படித்தான்.

அந்தப் பருவத்தைத் தீர்மானிப்பது தென்மேற்குக் காற்று. மே, ஜூன் மாதங்களில் காற்று பலத்ததும் கரையோரத்து மேல்நீர் நடுக்கடல் பக்கம் விலகுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலேறி வருகிறது. இந்த மேலேற்றம் கன்னியாகுமரி, கொல்லம் பக்கம் முதலில் தொடங்கி மெல்ல வடக்கே நகர்கிறது. வருஷம் முழுக்க ஆழத்தில் தங்கிக் கிடந்த உரச்சத்து அந்த நீரோடு வெளிச்சத்துக்கு வருகிறது. டையாட்டம் என்னும் நுண்பாசிகள் பெருகிக் கடலே நிறம் மாறும். சாளையின் செவுளில் இருக்கும் நெருக்கமான முட்கள் அந்த நுண்பாசியை வடித்தெடுப்பதற்கென்றே அமைந்தவை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அது முட்டையிடுவதும் இந்தக் கணக்கில்தான். ஒரு தாய் மீன் பல்லாயிரம் முட்டை இடும். ஏறத்தாழ ஒரு நாளில் அவை பொரித்துவிடும். பொரித்த குஞ்சிடம் இருக்கும் கரு உணவு சில நாளைக்குத்தான். அது தீரும்போது வாய்க்கு எட்டும் தூரத்தில் தீனி இருக்க வேண்டும். காற்று இரண்டு வாரம் பிந்தினால், அல்லது பசிபிக் கடல் சூடேறி வானிலையைக் குலைக்கும் எல் நினோ ஆண்டில் இங்கேயும் கடல் மேற்பரப்பு சூடேறி மேலேற்றம் நலிந்தால், கோடிக்கணக்கான குஞ்சுகள் ஒரு வலையும் படாமல் செத்துப்போகும். மேலேற்றம் மிதமிஞ்சினாலும் தொல்லைதான். அடிநீரில் பிராணவாயு குறைவு, அது கரைவரை ஏறினால் மீன்கூட்டம் விலகிப் போய்விடும்.

2024இல் கேரளக் கரையில் நடந்தது இதைவிட விசித்திரம். ஜூன் மாதத்தில் சாளை கிடைக்காமல் கிலோ 300 ரூபாயைத் தாண்டியது. பஞ்சம் முடியவில்லை என்று எல்லாரும் நினைத்திருக்க, பருவம் வாய்த்து ஏராளமான குஞ்சுகள் பிழைத்துவிட்டன. சில மாதங்களில் கரை முழுக்கச் சாளை. ஆனால் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டரோடு வளர்ச்சி நின்றுபோன, நெய் இல்லாத, மெலிந்த சாளை. எண்ணிக்கை பெருகியதால் தலைக்குக் கிடைக்கும் தீனி குறைந்துவிட்டது என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் விளக்கம் சொன்னது. கரையில் அது அடிமாட்டு விலைக்குப் போனது. மீன் இல்லாத வருஷமும் நஷ்டம், மீன் மிகுந்த வருஷமும் நஷ்டம். சித்தப்பாவின் கேரளாக்காரனை வைத்து இதை எப்படி விளக்குவது?

மோட்டார் வருவதற்கு முன்னால்

கொள்ளைக்காரனைத் தேடும் வேலையில் எனக்கு முதல் தடை பழைய கணக்குகளில் கிடைத்தது. மலபார் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. 1907இல் மாகாண மீன்வளத் துறையைத் தொடங்கிவைத்த சர் பிரெடெரிக் நிக்கல்சனுக்குச் சாளை மேல் தனிக் கண். கரையில் மலையாகக் குவிந்து, தென்னைக்கு உரமாகப் போய், மிச்சம் அழுகி நாறிக்கொண்டிருந்த மீனிலிருந்து ஒழுங்காக எண்ணெய் எடுக்கலாம், சக்கையைக் காப்பித் தோட்டங்களுக்கு உரமாக விற்கலாம் என்று தானூரில் பரிசோதனை நிலையம் வைத்துச் செய்து காட்டினார்கள். சில ஆண்டுகளில் மலபார், தென்கன்னடக் கரைகளில் நூற்றுக்கணக்கான சிறு ஆலைகள் முளைத்தன. கொதிக்கும் பாத்திரம், பிழிகிற யந்திரம், ஒரு கொட்டகை, அவ்வளவுதான் ஆலை. அந்தத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் சாளையை ஆராய்ந்து எழுதியபோதே, இந்த மீன் சில வருஷம் கொட்டுவதும் சில வருஷம் கண்ணில் படாமல் போவதும் பேச்சாக இருந்தது.

பிறகு 1940களில் சாளை அடியோடு போய்விட்டது. ஒரு பருவம் மட்டுமல்ல, ஆண்டுக்கணக்கில். அரசாங்கம் அன்றைக்கும் கொள்ளைக்காரனைத் தேடியது. குஞ்சு மீனை வாரும் வலைகள்தான் காரணம் என்று முடிவுகட்டி, அந்த வலைகளுக்கும் சிறு சாளை பிடிப்பதற்கும் கட்டுப்பாடு விதித்தது. கட்டுப்பாட்டால் மீன் திரும்பியதாக யாரும் காட்டவில்லை. அது தனக்கு வேண்டியபோது, 1950களில் திரும்பி வந்தது. அந்தக் காலத்தில் ஒரு வள்ளத்திலும் மோட்டார் இல்லை. நைலான் இல்லை. துடுப்பும் பாயும், பருத்தி நூலிலும் சணலிலும் பின்னிய வலையும்தான். காலை போய்ப் பகலில் திரும்பும் தூரத்துக்குள் மட்டும் தொழில். அந்தக் கைகளால் சாளையைத் தீர்த்துவிட முடிந்தது என்றால் நம்புவது கடினம். 1994இல் மறுபடி ஒரு பெரும் சரிவு வந்தது; அதற்குப் பிறகு ஏறி ஏறித்தான் 2012இன் உச்சத்தைத் தொட்டது.

இதைச் சொன்னால் சிலருக்கு உடனே சந்தோஷம் வந்துவிடுகிறது. அப்படியானால் குற்றம் கடலுடையது, நாம் எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று. அதுவும் சோம்பேறித்தனமான முடிவுதான். தானாக இறங்கும் ஒன்றை நாம் இன்னும் கீழே அழுத்த முடியும். நல்ல பருவத்தில் வயிறு நிறைய முட்டையோடு கூட்டம் வரும்போது அதை டன் கணக்கில் தீவன ஆலைக்கு ஏற்றினால், அடுத்த வருஷம் முட்டையிட எது மிஞ்சும்? கேரள அரசு 2015இல் சட்டப்படி பிடிக்கத்தக்க குறைந்தபட்ச அளவு என்று சில மீன்களுக்கு விதித்தது. சாளைக்கு அது 10 சென்டிமீட்டர். சாளை பருவமடைவதோ பொதுவாக 15 சென்டிமீட்டரை ஒட்டி. ஒரு முறைகூட முட்டையிடாத மீனைப் பிடிக்கச் சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கூட்டம் கலந்து வரும்போது கடலில் அளவுகோல் வைத்துப் பிரிக்க முடியாது என்பது தெரியும். இருந்தாலும் 10 என்ற எண்ணைப் பார்க்கும்போது, மீனின் உயிரியலைவிட இறங்குதளத்தில் நடந்த பேரம்தான் அதில் அதிகம் தெரிகிறது.

வெப்பமாதல் கட்சிக்காரர்களின் வாதத்துக்கும் எங்கள் பக்கமே சாட்சி இருக்கிறது. 1980களின் நடுப்பகுதிக்கு முன்னால் கிழக்குக் கரையில் இந்த மீன் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இல்லை. பிறகு மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, மேலே ஆந்திரக் கரை என்று பரவியது. கடல் சூடாவதோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள் விஞ்ஞானிகள். ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்தில் சூடை என்ற சிறு மீனைக் கொண்டாடித் தின்றவர்களுக்கு இந்தப் புது மத்தியின் எண்ணெய் வாடை பிடிக்கவில்லை. கரையில் ஏறியதில் பெரும்பகுதி ஐஸ் போட்டு லாரியில் கேரளத்துக்குப் போனது. ராமநாதபுரத்தில் இருக்கும் என் உறவினர் வீட்டில் இன்றைக்கும் மத்தி சமைத்தால் பாத்திரத்தைத் தனியாகக் கழுவுகிறார்கள். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, "நம் மீனையும் அவன்தான் தின்கிறானா!" என்றார். இப்படியும் ஒரு மனிதர்.

வலையின் நீளம்

எனக்கு விட்டுப்போயிருந்த துண்டு கிடைத்தது முட்டம் பக்கத்தில் ஒரு பாட்டாவிடம். மீன் பற்றி விசாரிக்கவென்று நான் போகவில்லை. நண்பர் ஒருவரின் வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில், சாப்பாடு முடிந்து ஓலைப் பந்தலில் உட்கார்ந்திருந்தவரோடு பேச்சு ஆரம்பித்தது. சிறு வயதில் கட்டுமரத்தில் சாளை வலை போட்டவர். பிறகு பல ஆண்டுகள் கொல்லம் பக்கத்தில், மீன்கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி இழுக்கும் ரிங் வலை வள்ளங்களில் பங்குக்குப் போனவர். பிடிப்பில் ஒரு பங்குதான் அங்கே கூலி. எங்கள் மாவட்டத்து ஆட்கள் அங்கே போவது புதிதல்ல. வலை இவ்வளவு பெரிதானதால்தானே மீன் தீர்ந்தது என்று, படித்த ஆளின் தோரணையோடு கேட்டேன்.

அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. வலை எப்படிப் பெரிதாயிற்று என்று மட்டும் சொன்னார். 1980களின் நடுவில் ரிங் வலை வந்தபோது அது ஒரு நடுத்தர வலை. வெளியே பொருத்தும் மோட்டாரோடு இருபது முப்பது பேர் போனார்கள். மீன் கொட்டியது. கொட்டிய வருஷத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் இன்னும் பெரிய வள்ளம் இறக்கினார்கள். போட்டிக்கு இவர்களும் இறக்கினார்கள். அதற்குப் பணம்? ஏலம் விடும் தரகர் கொடுத்தார். பதிலுக்கு அந்த வள்ளத்தின் மீன் முழுவதும் அவர் வழியாகத்தான் ஏலம் போக வேண்டும். ஒவ்வொரு நாள் விற்பனையிலும் அவருக்கு ஒரு பங்கு. அசல் எவ்வளவு நாள் நிற்கிறதோ அவ்வளவு நாள் அந்தப் பங்கும் நிற்கும். இதுவரை நான் எதிர்பார்த்த கதைதான். மீன் பெருகியது, ஆசை பெருகியது, வலை பெருகியது.

"மீன் குறைந்த வருஷத்தில் வலையைச் சுருக்கிவிட்டார்களா பாட்டா?" என்றேன். அவர் சிரித்தார். "குறைந்த வருஷத்தில்தான் மக்களே வலை ரொம்பப் பெரிதாயிற்று. கொஞ்சமாகக் கிடக்கிற மீனைத் தேடி தூரம் போக வேண்டும், அதற்குப் பெரிய என்ஜின். பெரிய என்ஜின் போட்டால் டீசலுக்கு அதிகம் பிடிக்க வேண்டும், அதற்குப் பெரிய வலை. தரகரிடம் போய் மீன் இல்லை, கடனை நிறுத்திவை என்று சொல்ல முடியுமா? இன்னும் கொடு, பெரிதாகப் போட்டுப் பிடித்துத் தருகிறேன் என்றுதான் சொல்ல முடியும்."

நான் படித்த எந்தக் கணக்கிலும் இது இப்படி இல்லை. இருந்திருக்கலாம், எனக்குப் படவில்லை. மீன் கூடினாலும் வலை நீள்கிறது, குறைந்தாலும் நீள்கிறது. மீன் அலைபோல் ஏறி இறங்குகிறது, கடன் ஒரு பக்கம் மட்டுமே நகர்கிறது. இன்றைக்குக் கேரளக் கரையின் பெரிய ரிங் வலை ஒன்றைக் கரையில் விரித்தால் ஒரு கிலோமீட்டர் வரும். வள்ளத்தில் நாற்பது ஐம்பது பேர். அத்தனை பேருக்கும் ஒரு நாள் கூலி கொடுக்க எத்தனை டன் சாளை வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். 2012 மாதிரி ஒரு வருஷம் திரும்பத் திரும்ப வந்தால்தான் அந்த வள்ளத்துக்குக் கட்டுப்படியாகும். ஆனால் 2012 ஒரு வழக்கமான வருஷம் அல்ல. நூறாண்டுக் கணக்கைப் பார்த்தால் அது ஓர் உச்சி. அந்த உச்சியை அளவாக வைத்து வள்ளம் கட்டினார்கள், ஐஸ் ஆலை கட்டினார்கள், தீவன ஆலை கட்டினார்கள், வங்கியும் தரகரும் பணம் கொடுத்தார்கள். நிக்கல்சன் காலத்துக் கொட்டகை ஆலைகளும் இதே கணக்கில்தான் முளைத்தன. ஒரு வித்தியாசம், சாளை வராத வருஷத்தில் அந்தப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போக முடிந்தது. இன்றைய வள்ளத்தைக் கவிழ்த்து வைக்க முடியாது, அதற்கு மாதத் தவணை இருக்கிறது.

தமிழ்நாட்டில், ரிங் வலையின் இனத்தைச் சேர்ந்த சுருக்குமடி வலைக்கு 2000ஆம் ஆண்டிலிருந்து தடை இருக்கிறது. நாகப்பட்டினம், கடலூர்க் கரைகளில் அதை வேண்டும் என்கிற ஊர்களும் கூடாது என்கிற ஊர்களும் மோதிக்கொண்டதும், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதும், 2023 ஜனவரியில் 12 கடல் மைலுக்கு அப்பால் திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை போகலாம் என்று இடைக்கால உத்தரவு வந்ததும் தெரிந்ததுதான். வலையின் வகை, தூரம், கிழமை, மணி எல்லாவற்றையும் பேசிய அந்தச் சண்டை முழுவதிலும் வள்ளத்தின் கடனைப் பற்றி ஒரு பேச்சும் என் காதில் விழவில்லை. தடையை மீறிப் போகிறவர்களை ஆசைக்காரர்கள் என்று திட்டுவது எளிது. லட்சக்கணக்கில் போட்ட வலையைக் கொட்டகையில் போட்டு வைத்திருப்பவருக்குத் தவணை தேதி மட்டும் தடையில்லாமல் வருகிறது.

பொய்த்த கடலுக்கு என்ன பெயர்?

என் எரிச்சல் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. மழை பொய்த்தால் அதை வறட்சி என்கிறோம். வறட்சி வட்டாரம் என்று அறிவிக்கிறார்கள், பயிர்க் காப்பீடு இருக்கிறது, கடன் தள்ளுபடி என்று தேர்தலுக்குத் தேர்தல் ஒரு குரலாவது எழுகிறது. அந்த ஏற்பாடுகளின் லட்சணம் எப்படி இருந்தாலும், வானம் பொய்த்தது விவசாயியின் பேராசையால் என்று யாரும் சொல்வதில்லை. அதே தென்மேற்குக் காற்று கடலில் பொய்த்தால் அதற்கு ஒரு பெயரும் இல்லை. மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்ததை 2023இல் 8,000 ஆக்கினார்கள். அது அரசு கடலை மூடும் நாள்களுக்கு. கடல் தானாக மூடிக்கொள்ளும் வருஷங்களுக்கென்று தனியாக எதுவும் கிடையாது.

இத்தனைக்கும் இது கணிக்க முடியாத ஒன்றல்ல. செயற்கைக்கோள் கடலின் நிறத்தையும் சூட்டையும் தினமும் பார்க்கிறது. 1947இல் தொடங்கிப் பல ஆண்டுகள் மண்டபத்தில் இயங்கி, இப்போது கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தலைமுறை தலைமுறையாக இறங்குதளங்களில் மீன் எண்ணிக்கொண்டிருக்கிறது. 2023இல் இந்த மீனின் மரபணுத் தொகுதியையே படித்து முடித்துவிட்டார்கள். காற்று எப்படி வந்தது, குஞ்சு எவ்வளவு பிழைத்தது என்பதை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே ஓரளவு சொல்லிவிடலாம். அப்படியானால் மோசமான பருவம் என்று தெரிந்த உடனே அறிவித்து, வள்ளக் கடனின் தவணையை நிறுத்திவைத்து, குஞ்சு பிடிக்கப் போக வேண்டாம் என்று சொல்லி ஒரு தொகை கொடுத்தால் என்ன? சாளை எப்படியும் திரும்பும். அது திரும்பும்போது முட்டையிட நாலு மீன் கடலில் இருக்கும்.

பந்தலில் அன்றைக்கே இதைப் பாட்டாவிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே முழுவதும் கேட்டார். நல்ல யோசனைதான் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பணம் யாருக்கு வரும் என்று கேட்டார்.

"தொழிலுக்குப் போகிற எல்லாருக்கும்தான்."

"வள்ளம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு வரும். கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு நிறுத்தி வைப்பார்கள். மீனவர் நல வாரிய அட்டையில் நான் மீனவன் என்று எழுதியிருக்கிறது மக்களே. எந்த வள்ளத்தில் பங்குக்குப் போனேன், அந்த வருஷம் எத்தனை நாள் வெறுங்கையோடு கரைக்கு வந்தேன் என்று எந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது?"